வாட்ஸ்அப்பில் புடவை விற்பதும் வாங்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இளம்பிள்ளையில் சரக்கு எடுத்துப் புடவை விற்கும் குடும்பம் எங்களுடையது. அப்பா தெருத்தெருவாகத் தவணைக்கு விற்றார். நாங்கள் ஃபோனில் விற்கிறோம். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பெண்கள், ஃபோனிலேயே புடவை எடுத்துப் பழகிவிட்ட வாடிக்கையாளர்கள், இனி என்ன செய்வதென்று யோசிக்கும் பழைய கடைக்காரர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விற்பவருக்கான பதிலை வாங்குபவரும், வாங்குபவருக்கான பதிலை விற்பவரும் படித்தால் நல்லது.

இணையம் வந்ததால் புடவை வியாபாரத்தில் உண்மையில் மாறியது என்ன?

கடன் திசை மாறிவிட்டது. மற்ற மாற்றமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அப்பா டிவிஎஸ் 50-இல் மூட்டை கட்டிக்கொண்டு போவார். ஒரு வீட்டுத் திண்ணையில் மூட்டையைப் பிரித்தால் தெருவே கூடிவிடும். தொட்டுப் பார்ப்பார்கள், தோளில் போட்டுப் பார்ப்பார்கள், முந்தானையை விரித்து வெயிலில் காட்டுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா எடுத்தால் இந்த வீட்டு அக்காவும் எடுப்பார். பணம் மாதாமாதம் 100, 200 என்று நோட்டில் வரவாகும். புடவை முதல் துவையலிலேயே சாயம் போனால், அடுத்த மாதம் வசூலுக்குப் போகும்போது அதையே எடுத்து முன்னால் போடுவார்கள். அப்பா மாற்றிக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தத் தெருப் பாக்கி மொத்தமும் நின்றுவிடும். வியாபாரி வாடிக்கையாளரை நம்பிக் கடன் கொடுத்தார். அந்தக் கடனே வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது.

இன்று பணம் முதலில் போகிறது, புடவை மூன்று நாள் கழித்து வருகிறது. அந்த மூன்று நாளும் வாடிக்கையாளர்தான் நமக்குக் கடன் கொடுத்திருக்கிறார். அதுவும் முகம் தெரியாத, ஊர் தெரியாத ஒருவருக்கு. சிஓடி (பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுப்பது), ரிவ்யூ, பார்சல் பிரிக்கும் வீடியோ, ரீஃபண்ட் என்று இந்தத் தொழிலில் நடக்கும் சண்டைகள் பெரும்பாலும் இந்த மூன்று நாளைப் பற்றியவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பதில்கள் எளிதில் புரியும்.

இந்த மாற்றம் எப்போது நடந்தது?

ஒரே நாளில் நடக்கவில்லை. ஃபிளிப்கார்ட் 2007-இல் புத்தகம் விற்க ஆரம்பித்தது. 2010-இல் அவர்கள் சிஓடி கொண்டுவந்தபோதுதான், பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கலாம் என்ற தைரியம் கார்டு இல்லாதவர்களுக்கும் வந்தது. அமேசான் 2013-இல் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியது. ஆனால் அதெல்லாம் எங்கள் தெருவுக்கு எட்டவில்லை.

எங்களை மாற்றியது 2016. ஏப்ரலில் யுபிஐ வந்தது, செப்டம்பரில் ஜியோ வந்தது, நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. வாடிக்கையாளரிடம் டேட்டா இருந்தது, கையில் ரொக்கம் இல்லை. கடையில் கியூஆர் அட்டை ஏறியது. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் வந்தது. பொருட்களைப் படத்தோடு அடுக்கிக் காட்டும் கேட்லாக் வசதி அதற்கு அடுத்த வருடம்.

அப்புறம் 2020 மார்ச் ஊரடங்கு. சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கென்று நெய்து வைத்த சரக்கு, தறி வைத்திருந்தவர்கள் வீட்டிலேயே அட்டியலாக, அடுக்கு அடுக்காகத் தங்கிவிட்டது. வெளியூர் வியாபாரிகள் வர வழியில்லை. அந்த வீடுகளில் காலேஜ் படிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அம்மா புடவையை விரித்துப் பிடிக்க, பிள்ளை ஃபோனில் வீடியோ எடுத்தான். யாரும் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை, வேறு வழியில்லாமல் ஆரம்பித்தார்கள். ஊரடங்கு முடிந்த பிறகும் அது நிற்கவில்லை.

2025 ஆகஸ்ட் மாதத்தில் நாடு முழுக்க யுபிஐ-யில் நடந்த பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. அதில் எங்கள் புடவைப் பணமும் இருக்கிறது.

ரீசெல்லர் என்பவர் யார்? அவரிடம் வாங்கலாமா?

தறிக்காரரோ மொத்த வியாபாரியோ புடவைப் படங்களைக் குழுவில் போடுவார். ரீசெல்லர் அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்து, ஒரு புடவைக்கு 50, 100 ரூபாய் சேர்த்து விலை சொல்வார். ஆர்டர் வந்ததும் மொத்த வியாபாரியிடம் பணம் கட்டுவார். பார்சல் நேராக வாடிக்கையாளருக்குப் போகும். அனுப்புநர் இடத்தில் ரீசெல்லர் பெயர் இருக்கும். 2015-இல் தொடங்கிய மீஷோ இந்த முறையை ஆப் ஆக்கித்தான் வளர்ந்தது. வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கும் எத்தனையோ பெண்களுக்குத் தன் கையில் காசு என்பது இப்படித்தான் முதன்முதலாக வந்தது. இதை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

தாராளமாக வாங்கலாம். ஒன்று மட்டும் கேளுங்கள்: “இந்தப் புடவையை நீங்கள் கையில் தொட்டுப் பார்த்தீர்களா, அக்கா?” இல்லை என்றால் அவருக்கும் படம்தான் தெரியும், உங்களுக்கும் படம்தான் தெரியும். தப்பு வந்தால் அவர் தனக்கு மேலே இருப்பவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும். நல்ல ரீசெல்லர்கள் இதை ஒளிக்காமல் சொல்வார்கள்.

முதலீடே இல்லாமல் ஆரம்பிக்க முடியுமா?

முடியும். ஆனால் விற்கப்போகும் ரகத்தில் இரண்டு புடவையாவது சொந்தக் காசில் வாங்குங்கள். ஒன்றைத் துவைத்துப் பாருங்கள். இன்னொன்றைக் கட்டிக்கொண்டு ஒரு விசேஷத்துக்குப் போய்வாருங்கள். நழுவுகிறதா, மடிப்பு நிற்கிறதா, ஜரி குத்துகிறதா என்று வாடிக்கையாளர் கேட்கும்போது வாயில் தானாகப் பதில் வரும்.

படத்தில் ஒரு கலர், நேரில் ஒரு கலர். ஏன் இப்படி?

எங்களுக்கு வரும் புகார்களில் அதிகம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் காரணம் ஃபோன் திரை. சில ஃபோன்கள் எந்த நிறத்தையும் பளிச்சென்று தூக்கிக் காட்டும். உங்கள் ஃபோனில் கிளிப்பச்சையாகத் தெரிவது உங்கள் நாத்தனார் ஃபோனில் பாசிப்பச்சையாகத் தெரியலாம். இரண்டாவது விளக்கு. டியூப் லைட்டில் எடுத்த அரக்கும், வாசலில் எடுத்த அரக்கும் ஒன்றாக இருக்காது. மூன்றாவது, வேண்டுமென்றே போடும் ஃபில்டர். இதற்கு மன்னிப்பு கிடையாது.

நான்காவது காரணம் நெசவிலேயே இருக்கிறது. மயில்கழுத்து மாதிரி நிறங்களில் பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) இன்னொரு நிறம். புடவை அசையும்போது நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரிவதுதான் அதன் அழகே. ஃபோட்டோ அந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும். நீலம் என்று நினைத்து வாங்கியவர் பச்சை வந்துவிட்டது என்பார். அவர் சொல்வதும் பொய் இல்லை. இப்படிப்பட்ட புடவைக்கு வீடியோ கட்டாயம் வேண்டும்.

நாங்கள் இப்போது செய்வது: காலை நேரத்தில் வாசல் நிழலில், நேர் வெயில் படாமல், ஃபில்டர் இல்லாமல் எடுக்கிறோம். புடவையைக் கையில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்புகிறோம். உள்பக்கம், பார்டர் சேரும் இடம், பிளவுஸ் பிட் மூன்றையும் காட்டுகிறோம். நிறத்தைத் தமிழில் சொல்கிறோம். மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, வெங்காயத்தாள் பச்சை என்று சொன்னால் சேலத்தில் இருப்பவருக்கும் சிங்கப்பூரில் இருப்பவருக்கும் ஒரே நிறம் மனதில் வருகிறது. எம்.எஸ். ப்ளூ என்றால் எந்த நீலம் என்று யாரும் கேட்பதில்லை.

வாங்குபவர்களுக்கு: பிளவுஸ் மேட்சிங்குக்காக நிறம் முக்கியம் என்றால் ஆர்டர் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். நாங்கள் வீடியோ காலில் காட்டுவோம். இரண்டு நிமிட வேலை அது. பார்சல் திரும்பி வந்தால் இரண்டு வாரம் போய்விடும்.

விலையைப் போடாமல் “விலைக்கு டிஎம் பண்ணுங்க” (தனி மெசேஜில் கேளுங்க) என்று எழுதலாமா?

வேண்டாம். பத்துப் பேர் கேட்டால் பேச்சு வளரும், ஆப்பில் நம் பக்கம் பலர் கண்ணில் படும் என்று சிலர் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் விலை தெரியாத இடத்தில் வாடிக்கையாளர் மனதில் வரும் முதல் சந்தேகம், ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ என்பதுதான். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் எல்லாக் கட்டணமும் சேர்த்த மொத்த விலையைக் காட்டச் சொல்கின்றன. கூரியர் செலவு தனி என்றால் அது எவ்வளவு என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. அட்டியலில் 40 புடவையை வைத்துக்கொண்டு “கடைசி 2 பீஸ்” என்று ஸ்டேட்டஸ் வைப்பது. பொய்யான அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதை, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. அதில் பட்டியலிட்ட 13 ஏமாற்று முறைகளில் முதலில் வருவதே இதுதான்.

சிஓடி கொடுக்கலாமா?

வாங்குபவர் சிஓடி கேட்பது நியாயமானது. முதலில் சொன்ன அந்த மூன்று நாள் கடனை அவர் கொடுக்க விரும்பவில்லை. ஆனால் அப்போது சுமை முழுவதும் விற்பவர் தலைக்கு வருகிறது. வீட்டில் ஆள் இல்லை, மனசு மாறிவிட்டது, கூரியர்காரர் வந்த நேரத்தில் கையில் பணம் இல்லை என்று பார்சல் திரும்பினால் பார்சல் போன செலவும் திரும்பி வந்த செலவும் நம்முடையது. 600 ரூபாய்ப் புடவையில் 80 ரூபாய் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பார்சல் திரும்பி வந்தால் அடுத்து விற்கும் இரண்டு புடவை லாபம் அதற்கே போய்விடும். புடவை வேறு மடிப்புக் கலைந்து வரும்.

நாங்கள் நடுவழி எடுத்தோம். புது வாடிக்கையாளரிடம் கூரியர் செலவை மட்டும் முன்பணமாக வாங்கிக்கொள்கிறோம். மீதியை பார்சல் அனுப்பும் அன்று, பேக் செய்யும் வீடியோவும் டிராக்கிங் நம்பரும் அனுப்பிய பிறகு வாங்குகிறோம். இருவரும் கொஞ்சம் கொஞ்சம் நம்புகிறோம். மூன்றாவது ஆர்டருக்குப் பிறகு யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை.

“பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லையென்றால் ரிட்டர்ன் இல்லை” என்கிறார்கள். இது செல்லுமா?

வீடியோ கேட்பது தப்பில்லை. டேமேஜ் வழியில் வந்ததா, வீட்டில் வந்ததா என்று பார்க்க அது உதவும். வாங்குபவரும் எடுத்து வைப்பது நல்லது: பிரிக்காத கவர், அதன் மேல் உள்ள முகவரி, பிரிப்பது, புடவையை முழுதாக விரிப்பது, எல்லாம் ஒரே வீடியோவில், நடுவில் நிறுத்தாமல்.

ஆனால் வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லிக் கதவை அடைக்க முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் சொன்ன காலத்துக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். பில்லில் எதுவும் இல்லையென்றால் 30 நாள். பில்லே கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. “நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்” என்று ஸ்டேட்டஸில் எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் நண்பர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

குறையில்லாத புடவையை, பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்புவது வேறு விஷயம். அதற்கு விற்பவர் தன் விதியை வைத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்குபவர் எங்கே குடியிருக்கிறாரோ அந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டத்தில் வந்த பெரிய வசதி. விற்பவர் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் சூரத்துக்குப் போக வேண்டாம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. மனுவை ஆன்லைனிலேயே போடலாம். அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

யாரோ ஒருவர் மோசமாக ரிவ்யூ போட்டுவிட்டார். என்ன செய்வது?

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2022 தீபாவளிக்கு முன்னால் ஒரு அம்மா, “சாயம் போகிறது, ஃபோன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள், ஏமாற்றுக்காரர்கள்” என்று கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டார். எனக்கு இரவு தூக்கமில்லை. கோபத்தில் நீளமாக ஒரு பதில் எழுதினேன். நல்லவேளை, வீட்டுக்காரர் அனுப்ப விடவில்லை. காலையில் ஃபோனைப் பார்த்தால் அந்த எண்ணிலிருந்து உண்மையிலேயே ஐந்து மிஸ்டு கால். பண்டிகை அவசரத்தில் பார்க்கவில்லை.

கூப்பிட்டேன். பத்து நிமிடம் திட்டினார், கேட்டுக்கொண்டேன். மகள் வளைகாப்புக்கு எடுத்த புடவை அது. சாயம் பிளவுஸில் இறங்கியிருந்தது. வேறு புடவை அனுப்பிவிட்டு, ரிவ்யூவுக்குக் கீழே நான்கு வரி எழுதினேன்: ஃபோன் எடுக்காதது எங்கள் தப்பு, அந்தத் தொகுதிப் புடவைகளில் சாயப் பிரச்சினை இருந்தது, மற்ற வாடிக்கையாளர்களையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம், மாற்றிக் கொடுக்கிறோம். அதே தொகுதியில் இன்னும் மூன்று பேருக்கு மாற்றிக் கொடுத்தோம். நஷ்டம்தான். அந்த அம்மா ரிவ்யூவை எடுக்கவும் இல்லை, நான் எடுக்கச் சொல்லவும் இல்லை. புதிதாக வரும் வாடிக்கையாளர்களில் சிலர் இன்றைக்கும் அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் ஆர்டர் போடுவதாகச் சொல்கிறார்கள்.

முன்பு தெருவோடு முடிந்த கோபம் இப்போது எழுத்தில் நிற்கிறது. நம் பதிலும் அதே இடத்தில் நிற்கும். எனவே சுருக்கமாக, மரியாதையாக, என்ன செய்யப்போகிறோம் என்பதை மட்டும் எழுதுங்கள். வாடிக்கையாளரின் ஃபோன் எண்ணையோ முகவரியையோ சாட்டையோ பொதுவில் போடவே கூடாது.

ஐந்து நட்சத்திரம் போட்டால் 50 ரூபாய் தள்ளுபடி கொடுக்கலாமா?

கூடாது. மின்வணிக விதிகள், விற்பவரே வாடிக்கையாளர் போல ரிவ்யூ எழுதுவதைத் தடுக்கின்றன. காசு கொடுத்து எழுத வைப்பதும் அதே பொய்தான். “எப்படி இருந்தது என்று எழுதுங்கள்” என்று கேளுங்கள், போதும்.

யூடியூபரை வைத்து வீடியோ போட்டால் வியாபாரம் கூடுமா?

முதல் இரண்டு நாள் ஃபோன் நிற்காமல் அடிக்கும். கையில் 30 புடவை இருக்கும்போது 300 பேர் அதே புடவையைக் கேட்பார்கள். பாக்கி 270 பேருக்குப் பதில் சொல்லவே ஆள் வேண்டும். சரக்கும் ஆளும் தயாராக இருந்தால் செய்யுங்கள்.

ஒரு விதி உண்டு. பணமோ இலவசப் புடவையோ வாங்கிக்கொண்டு பேசினால், அது விளம்பரம் என்று வீடியோவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை இதை எளிய மொழியில் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது, பேசியவருக்கும் சேர்த்து.

எனக்கு இன்ஸ்டாகிராமில் நிறைய ஃபாலோவர்ஸ் இருக்கிறார்கள். அது போதாதா?

2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு 59 சீன ஆப்களைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. அதுவரை அங்கே மட்டும் வாடிக்கையாளர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு, ஒரே இரவில் ஒருவர் எண்ணும் கையில் இல்லை. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் முடங்கின. நமக்கு அப்போது இரவு 9 மணி. வீட்டு வேலை முடித்துப் பெண்கள் ஃபோனை எடுத்து உட்காரும் நேரம்; எங்கள் வியாபாரத்தில் பாதி நடக்கும் நேரம்.

அன்று இரவுதான் நான் ஒரு நோட்டு போட்டேன். பெயர், ஊர், எண், என்ன ரகம் பிடிக்கும், எந்த நிறம் வேண்டவே வேண்டாம் என்பார்கள். அப்பாவின் தவணை நோட்டைப் போலவே. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணை அவர்கள் தங்கள் ஃபோனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். ஆகவே முதல் பார்சலிலேயே ஒரு சீட்டில் எண்ணை எழுதி, சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேண்டாம் என்பவருக்கு அனுப்பாதீர்கள்.

“ப்யூர் காஞ்சிபுரம் பட்டு, 999 ரூபாய்” என்று வருகிறதே?

அது காஞ்சிபுரம் பட்டாக இருக்கவே முடியாது. பட்டு நூல் விலையும் ஜரி விலையும் கூலியும் அந்தக் காசுக்குள் அடங்காது. அது ஆர்ட் சில்க், அதாவது செயற்கை இழை. ஆர்ட் சில்க் கெட்ட பொருளில்லை. நாங்கள் விற்பதில் பெரும்பகுதி அதுதான். துவைக்க எளிது, விலை குறைவு, தினமும் கட்டலாம். அதை அதன் பெயரிலேயே விற்க வேண்டும்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இலும், திருபுவனம் பட்டுக்கும் செட்டிநாட்டுக் கண்டாங்கிக்கும் 2019-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. நிஜப் பட்டு வாங்குவதாக இருந்தால் சில்க் மார்க் சீட்டைக் கேளுங்கள். 2004-இல் மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் வந்தது அது. வீட்டில் பார்க்க வேண்டுமென்றால், முந்தானைக் குஞ்சத்தில் ஓரிரு இழையை எடுத்துக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். செயற்கை இழை உருகிக் கெட்டியாகக் குண்டு கட்டும்.

பணம் போட்டுவிட்டேன். ஆள் பிளாக் பண்ணிவிட்டார்.

உடனே 1930-க்கு ஃபோன் செய்யுங்கள். சைபர் குற்றத்துக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. யுபிஐ பரிவர்த்தனை எண், சாட், கணக்கின் பெயர் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏமாற்றியவருக்குத்தான் லாபம்.

விற்பவரையும் ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றுகிறார்கள். போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, பணம் போட்டாச்சு என்பார்கள். வங்கிக் கணக்கில் வரவு வந்ததைப் பார்த்த பிறகே பேக் செய்யுங்கள். “ரீஃபண்ட் வர இந்த கியூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பரைப் போடுங்கள்” என்று சொன்னால் பேச்சை நிறுத்திவிடுங்கள். பணம் பெறுவதற்கு அந்த ரகசிய நம்பர் தேவையே இல்லை.

ஜிஎஸ்டி வேண்டுமா?

தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்று, வருட விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பொதுவாக வேண்டாம். 2023 அக்டோபர் முதல் ஆன்லைன் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் விற்பவர்களுக்கும் இந்தச் சலுகை உண்டு. பெங்களூருக்கு ஒரு பார்சல் என்றாலும் அது வெளிமாநில விற்பனை, பொது விதிப்படி பதிவு தேவைப்படும். கைவினைப் பொருட்களுக்குச் சில விலக்குகள் இருப்பதால் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள்.

கடை வைத்திருக்கிறேன். கடையில் நின்றுகொண்டே ஃபோனில் விலை பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும். நானும் வேறு பொருள் வாங்கும்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனால் கடையில் கிடைக்கும் சில விஷயங்கள் ஃபோனில் கிடைக்காது: தொட்டுப் பார்ப்பது, தோளில் போட்டுக் கண்ணாடி பார்ப்பது, கூட வந்த அத்தையின் அபிப்பிராயம், ஃபால்ஸ் அடித்து நாளைக்கே கையில் கிடைப்பது. இவற்றைச் சரியாகச் செய்தால் 50 ரூபாய் வித்தியாசத்துக்கு யாரும் திரும்பிப் போவதில்லை. கூகுள் மேப்பில் கடை நேரத்தையும் எண்ணையும் சரியாக வையுங்கள். ஆடி வெள்ளிக்கிழமை கடை மூடியிருக்கிறது என்று மேப் காட்டினால், வாடிக்கையாளர் வண்டியை வேறு கடைக்குத் திருப்பிவிடுவார்.

நெசவு செய்பவர்களுக்கு இதில் நல்லது நடந்ததா?

பாதி நடந்தது. முன்பு புடவையை மொத்த வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு இரண்டு மூன்று மாதம் காத்திருந்த விசைத்தறிக் குடும்பங்களில் சிலருக்கு இப்போது அன்றன்றே யுபிஐ-யில் பணம் வருகிறது. எந்த பார்டர் ஓடுகிறது என்று யாரும் சொல்லாமல் தானாகவே தெரிகிறது.

கெட்டதும் நடந்தது. ஒரு வீட்டில் யோசித்துப் போட்ட டிசைனை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அடுத்த வாரம் இன்னொருவர் பத்து ரூபாய் குறைத்து விடுகிறார். அதற்கடுத்த வாரம் மூன்றாமவர் இன்னும் பத்து ரூபாய். குறைகிற அந்தப் பத்து ரூபாய் நூல் விலையில் குறைவதில்லை, கூலியில்தான் குறைகிறது. கைத்தறிக்காரர் நிலைமை இன்னும் கஷ்டம். வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாள், இருபது நாள் நெய்த பட்டும், விசைத்தறியில் வேகமாக ஓடிவந்த அதே மாதிரியும் ஃபோன் திரையில் ஒரே அளவில் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன. விரலால் தொட்டால் தெரியும் வித்தியாசம் கண்ணாடித் திரையில் தெரியாது.

இதனால்தான் விற்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: கைத்தறி என்றால் எத்தனை நாள் நெய்தது என்று படத்தோடு எழுதுங்கள். தறியில் ஓடும்போது எடுத்த பத்து நொடி வீடியோ வையுங்கள். வாங்குபவர்களே, ஒரு டிசைன் முதலில் யாரிடம் பார்த்தீர்களோ, முடிந்தால் அவரிடமே வாங்குங்கள்.

ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் வருகிறது. பதில் சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டாம். தூங்குங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் நாம் இல்லாத நேரத்துக்குத் தானாகப் போகும் பதிலை எழுதி வைக்கலாம். நாங்கள் வைத்திருப்பது இது: “வணக்கம் அக்கா, கடை மூடியாச்சு. காலை 9 மணிக்குப் பதில் சொல்கிறேன்.” காலை 9 மணிக்கு, டீ குடிப்பதற்கு முன்பே, முதல் மெசேஜிலிருந்து ஆரம்பித்துவிடுவேன்.